பழைய கைக்கடிகாரம் வாங்குமுன்: நெல்லைச் சீமைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்திலும் வாட்ச் ரிப்பேர் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கடிகாரங்கள் இரண்டு விதமாகக் கிடக்கும். ஒன்று டயல் மங்கி, ஓரம் பழுப்பேறி, கண்ணாடி முழுக்கக் கீறலாக இருக்கும். இன்னொன்று நேற்றுத்தான் கம்பெனியிலிருந்து வந்தது போல மின்னும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவரின் கை மின்னுவதற்குத்தான் நீளும். ஐம்பது வருடம் வியர்வையையும் ஈரக்காற்றையும் பார்த்த டயல் மங்கவே இல்லை என்றால், யாரோ அதற்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றே முதலில் நினைக்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்கிறவர் வேலை.

அதனால் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் டயல், கேஸ் என்ற வெளிக்கூடு, மெஷின் என்று பார்ப்பார்கள். நீங்கள் மெஷினில் தொடங்கி, கேஸைப் பார்த்துவிட்டு, கடைசியாக டயலுக்கு வாருங்கள். பெயிண்ட் அடித்து ஏமாற்ற முடியாத இடம் மெஷின்தான்.

இந்தப் பக்கம் கிடைப்பவை

அதிகம் கிடைப்பது எச்.எம்.டி. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைத்ததற்கு, கல்யாணத்துக்கு, பணி ஓய்வுக்கு என்று வீட்டுக்கு வீடு ஒன்று வந்து சேர்ந்தது. ஜனதா, பைலட், சோனா, ஜவான், கோஹினூர் எல்லாம் சாவி கொடுக்கும் வகை. காஞ்சன் ஆட்டோமேட்டிக், கிழமையும் தேதியும் காட்டும். ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் கடிகாரம் என்றே அதற்குப் பெயர். சேர்க்கத் தொடங்குகிறவருக்கு எச்.எம்.டி.யை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. விலை குறைவு, உதிரிப்பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும்.

அடுத்தது கப்பலிலும் விமானத்திலும் வந்தவை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர், மலேயா போனவர்களும், பிறகு மேலப்பாளையத்திலிருந்து வளைகுடா போனவர்களும் கொண்டுவந்த சீக்கோ 5, சிட்டிசன், ஓரியண்ட், ரிக்கோ. வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோவில் கிழமைச் சக்கரம் ஆங்கிலத்தோடு அரபியிலும் இருப்பதுண்டு. ஒரு கடிகாரம் எந்த ஊர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்தச் சக்கரத்தை மாற்ற விடாதீர்கள்.

மூன்றாவது பம்பாய் வழி. தாராவியிலும் மற்ற இடங்களிலும் பிழைக்கப் போன நெல்லைக்காரர்கள் ஊருக்கு வரும்போது கட்டி வந்த சுவிஸ் கடிகாரங்கள்: ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர், சாண்டோஸ், டிட்டோனி. ஃபேவர் லூபா 1737-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் கம்பெனி. சீ கிங், சீ சீஃப் இரண்டும் இங்கே அதிகம். வெஸ்ட் எண்ட் 1886-லிருந்தே இந்தியச் சந்தையை நம்பி வளர்ந்தது. அதன் சோவார் என்ற பெயருக்குக் குதிரை வீரன் என்று பொருள். பெயிண்ட் வேலை அதிகம் நடப்பது இந்த வகையில்தான். பெயருக்கு விலை இருக்கிறது, உடைந்த உருப்படிகளும் ஏராளம்.

ஆரம்பகால டைட்டனையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது, ஓசூர் ஆலை. குவார்ட்ஸ் என்பதால் முதலில் பார்க்க வேண்டியது செல் கசிந்து பச்சைப் பூப்பு பிடித்திருக்கிறதா என்பதுதான். பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

மூடியைத் திறக்காமலே தெரிவது

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு சின்ன டார்ச், ஒரு திசைகாட்டி. சந்தைக்கோ கடைக்கோ போகும்போது இவை நான்கும் பையில் இருந்தால் போதும்.

முதலில் சாவி கொடுங்கள். மெதுவாக, ஐந்தாறு சுற்று. கடைக்காரர் கிரவுன் என்று சொல்லும் அந்தக் குமிழ் விரலுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும், சுற்றச் சுற்ற இறுக வேண்டும். எத்தனை சுற்றினாலும் எதிர்ப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே கொக்கி பிடிக்கவில்லை. ஆட்டோமேட்டிக்கில் மட்டும் முழுதும் இறுகிய பிறகு வழுக்குவது இயல்பு. சீக்கோ 7009, 7எஸ்26 மெஷின்களுக்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. பக்கவாட்டில் மெல்ல ஆட்டித்தான் ஓடவிட வேண்டும். அதைப் பழுது என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

“ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, அதான் நின்னுபோச்சு” என்பது ஊர் முழுக்கச் சொல்லும் காரணம். அது சரியல்ல. சாவி முழுதும் ஏறியும் கடிகாரம் ஓடவில்லை என்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது, அல்லது பேலன்ஸ் ஸ்டாஃப் (முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) உடைந்திருக்கிறது. முதலாவது சர்வீஸில் தீரும். இரண்டாவதற்கு உதிரிப்பாகம் வேண்டும், எச்.எம்.டி. என்றால் கவலை இல்லை, அரிய சுவிஸ் மெஷின் என்றால் யோசிக்க வேண்டும்.

அடுத்து குமிழை இழுத்து முள்ளைத் திருப்புங்கள். வெண்ணெயில் திருப்புவது போல லேசாக இருந்தால் கேனன் பினியன் (நிமிட முள்ளைத் தாங்கும் குழல்) தளர்ந்திருக்கிறது. மெஷின் சரியாக ஓடும், முள் மட்டும் பின்தங்கும். கிழமை, தேதி உள்ள கடிகாரத்தில் முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவில் நிற்கும்போது தேதியை விரைவாக மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் கோத்திருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பல் முறியும்.

காதில் வைத்துக் கேளுங்கள். பழைய எச்.எம்.டி. விநாடிக்கு ஐந்து அடி, அதாவது மணிக்கு 18,000. சீக்கோ 7009 விநாடிக்கு ஆறு. ஓசை சீராக இருக்க வேண்டும். நொண்டி நடப்பது போல ஒன்று நீண்டு ஒன்று குறுகிக் கேட்டால் பேலன்ஸ் நடுநிலையில் இல்லை.

திசைகாட்டியின் மேல் கடிகாரத்தை வையுங்கள். ஊசி துடித்தால் ஹேர் ஸ்பிரிங்கில் (பேலன்ஸ் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்) காந்தம் ஏறியிருக்கிறது. கடிகாரம் ஒரு நாளில் பல நிமிடம் வேகமாக ஓடுவதற்கு இது முக்கியக் காரணம், சரிசெய்ய மிகச் சுலபமானதும் இதுதான். காந்தம் நீக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தைக் கை நீளத்துக்கு மெதுவாக விலக்கிக்கொண்டு போய், அதன் பிறகு பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் வைத்தபடியே விட்டால் காந்தம் கூடும்.

பின்மூடியைத் திறப்பது

கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்வது நல்லது. “அண்ணாச்சி, பின்மூடியைக் கொஞ்சம் திறங்க, மெஷினைப் பாத்துக்கிடுதேன்” என்றால் நல்ல மனுஷர் மறுக்க மாட்டார். சாக்குச் சொல்கிற இடத்தில் வாங்காதீர்கள். வீட்டில் திறப்பதென்றால்:

1. பட்டையைக் கழற்றுங்கள். மூடியின் விளிம்பில் சேர்ந்த வியர்வை அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். இல்லாவிட்டால் திறக்கும்போது அது மெஷினுக்குள் விழும்.

2. மூடி எந்த வகை என்று பாருங்கள். சுற்றிலும் பள்ளங்கள் இருந்தால் திருகு மூடி. விளிம்பில் ஒரே இடத்தில் சின்ன உதடு இருந்தால் அமுக்கு மூடி. இரண்டும் இல்லாமல் கேஸ் ஒரே வார்ப்பாக இருந்தால் அது கண்ணாடிப் பக்கமாகத் திறப்பது. அதை நீங்கள் தொட வேண்டாம்.

3. அமுக்கு மூடிக்குக் கேஸ் கத்தி வேண்டும். காய்கறிக் கத்தியும் பிளேடும் வழுக்கி மெஷினைக் கிழிக்கும், அல்லது விரலை. கேஸின் காதுகளின் (பட்டையை மாட்டும் நீட்டல்கள்) மேல் டேப் ஒட்டி, உதட்டில் கத்தியை வைத்து நெம்பாமல் திருகுங்கள்.

4. திருகு மூடிக்கு மூன்று கால் சாவி. கைவசம் இல்லையென்றால் காற்று இறக்கிய ரப்பர் பந்தை அழுத்தித் திருப்பிப் பாருங்கள், பாதி மூடிகள் அதற்கே மசிந்துவிடும்.

5. ஃபேனை அணைத்துவிட்டுத் திறங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் காற்றோடு பறக்கிற ஊர்க்காரர்கள் ஆடி மாதக் காற்றில் ஜன்னலையும் சாத்திக்கொள்ள வேண்டும். அந்தச் செம்மண் தூள் ஒரு துளி எண்ணெயோடு சேர்ந்தால் உப்புக்காகிதம் மாதிரி அச்சைத் தேய்க்கும்.

மெஷினைப் படிப்பது

முதலில் பெயர். டயலில் உள்ள பெயர் மெஷினிலும் இருக்கிறதா? எச்.எம்.டி.யில் அதன் பெயரும், 17 ஜுவல்ஸ் (அச்சுகளைத் தாங்கும் கற்களின் எண்ணிக்கை) என்பதும், 020 அல்லது 0231 போன்ற வகை எண்ணும் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் 6500 வரிசை எண். ஃபேவர் லூபா தன் மெஷினில் தன் பெயரைப் பொறித்துவிடும். மேலே சீ கிங், உள்ளே பெயரே இல்லாத வேறு மெஷின் என்றால் அது ஒட்டுப்போட்டது. ரோமர் சொந்தமாக மெஷின் செய்த கம்பெனி, அதில் எம்.எஸ்.டி. என்ற முத்திரையைத் தேடுங்கள்.

எல்லாச் சுவிஸ் கம்பெனிகளும் சொந்தமாக மெஷின் செய்ததில்லை. பல பேர் ஏ.எஸ்., ஈ.டி.ஏ., எஃப்.எச்.எஃப். போன்ற ஆலைகளிலிருந்து வாங்கிப் போட்டார்கள். இவற்றின் சின்னமும் வகை எண்ணும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், கீழ்த்தட்டில் பொடியாக இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே லூப்பால் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் உதிரிப்பாகம் தேடுவது, காலத்தைக் கணிப்பது, மற்றவர்களிடம் கேட்பது எல்லாம் அதிலிருந்துதான். எண் தெரியாவிட்டால் மெஷினின் விட்டத்தை அளங்கள். கடிகாரக்காரர்கள் லிக்னே என்று ஒரு பழைய அளவு சொல்வார்கள். 1 லிக்னே 2.256 மி.மீ. பத்தரை லிக்னே என்றால் ஏறக்குறைய 23.7 மி.மீ.

சீக்கோவில் வேலை சுலபம். பின்மூடியில் 7009-3110 என்பது போல இரண்டு நான்கிலக்க எண்கள் இருக்கும். முதலாவது மெஷின், இரண்டாவது கேஸ். உள்ளே மெஷினில் உள்ள எண்ணும், டயலின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் உள்ள முதல் நான்கு இலக்கமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். தனியாக இருக்கும் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி. பத்தாண்டு எது என்று எண் சொல்லாது. எண் 8-ல் தொடங்கும் 7009 என்றால் 1978, 1988 இரண்டையும் வைத்துக்கொண்டு, டயல், பட்டை, கேஸ் பாணியைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பெயருக்குப் பிறகு உடல்நிலை. திருகுகளின் தலைப் பள்ளம் சிதைந்திருந்தால் பழகாத கை உள்ளே போயிருக்கிறது. தட்டில் செந்துரு தெரிந்தால், குறிப்பாகச் சாவித் தண்டு நுழையும் இடத்தில், தண்ணீர் போயிருக்கிறது. அந்தத் தண்டு மட்டும் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடலாம்; சக்கர அச்சுகளில் துரு ஏறியிருந்தால் அது உதிரிப்பாகத்துக்கு மட்டுமே வாங்க வேண்டிய கடிகாரம். பேலன்ஸ் ஒரே மட்டத்தில் சுழல வேண்டும், தள்ளாடக் கூடாது. ஹேர் ஸ்பிரிங் கோலமாவால் இழுத்த சுருள் மாதிரி சம இடைவெளியோடு விரிந்து சுருங்க வேண்டும். இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது காந்தம்.

கடிகாரத்தின் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள். சாவி முழுதும் கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்தால் பேலன்ஸ் வீச்சு 270-லிருந்து 300 டிகிரி வரை இருப்பது ஆரோக்கியம். பழைய கடிகாரத்துக்கு 250 வந்தாலும் குறையில்லை. 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள நேர வித்தியாசம் 1 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும்.

கேஸ்

பின்மூடியில் துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தால் அது மூடிக்கு மட்டுமாக இருக்கலாம். கேஸின் மற்றப் பகுதி பித்தளையில் குரோம் பூசியதாக இருக்கலாம். காதுகளின் உள்பக்கத்தையும், மணிக்கட்டில் உரசும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பூச்சு கொப்புளித்து மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசித்தான் ஆக வேண்டும், பூசினால் பழைய கூர்மை போய்விடும். தங்கப் பூச்சில் 10 மைக்ரான், 20 மைக்ரான் என்று பொறித்திருப்பார்கள். 20 என்றால் நன்றாகத் தாங்கும்.

பாலிஷ் செய்யச் சொல்லாதீர்கள். சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தால் கூரான விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். பின்மூடியில் தாத்தா பெயரோ, ஆலையின் பெயரோ, பணி ஓய்வுத் தேதியோ பொறித்திருந்தால் அதையும் அழிக்க விடாதீர்கள். கண்ணாடி விஷயம் வேறு. அக்ரிலிக் கண்ணாடியின் கீறலை மெல்லிய துணியில் பற்பசை தொட்டு ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தே போக்கலாம்.

டயல்: ஏமாற்று நடக்கும் இடம்

லூப்பைக் கண்ணோடு ஒட்டி, கடிகாரத்தை லூப்புக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். மசி பரவி, எழுத்தின் கனம் இடத்துக்கு இடம் மாறினால் கையால் அச்சடித்தது. நிமிடக் கோடுகள் ஒட்டவைத்த மணிக்குறிகளின் நடுவில் நேராக வருகின்றனவா? மணிக்குறியின் அடியைச் சுற்றிப் பெயிண்ட் மேடு கட்டியிருக்கிறதா? தேதி ஜன்னலின் ஓரத்தில் நிறம் வழிந்திருக்கிறதா? 6 மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்து விடுபட்டிருக்கிறதா, அல்லது மேலே ஏறி இருக்கிறதா?

இன்னொரு தடயம் பலருக்குத் தெரியாது. டயலின் வெளி விளிம்பில், பெரும்பாலும் 3 மணிப் பக்கம், அரத்தால் ராவிய சின்னப் பள்ளம் இருக்கும். மறுபடி அச்சடிக்கும்போது திசை மாறாமல் இருக்கப் போடுகிற அடையாளம் அது. கேஸிலிருந்து மெஷினை எடுத்தால்தான் தெரியும். எடுத்த கையோடு டயலின் கால்களையும் பாருங்கள். டயலின் அடியில் இரண்டு சின்னக் கால்கள் மெஷினின் ஓட்டைகளில் இறங்கி, பக்கத் திருகால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பசையோ இருபக்க டேப்போ இருந்தால் அந்த டயல் வேறு மெஷினிலிருந்து வந்திருக்கலாம், அல்லது கால் உடைந்திருக்கலாம்.

எச்.எம்.டி. பைலட்டின் அடையாளம் கறுப்பு டயல். ஆரஞ்சு, சிவப்பு, கிளிப்பச்சை என்று பைலட் வந்தால், அதுவும் பத்து உருப்படி ஒரே கடையில் அடுக்கியிருந்தால், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

முள்ளையும் விடக்கூடாது. நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், மணி முள் மணிக்குறியின் உள்முனையை எட்ட வேண்டும். குட்டையாக நின்றால் வேறொன்றின் முள்.

இருட்டில் ஒளிரும் பூச்சை நாம் மொத்தமாக ‘ரேடியம்’ என்போம். பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் அதே பெயர்தான். ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது, ஆனால் 1960-க்கு முந்தைய கடிகார டயல்களில் உண்மையான ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளி போனதற்குக் காரணம் கூடச் சேர்த்த துத்தநாக சல்பைடு வெந்துபோனது. கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. பூச்சைச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த தூளை ஊதாதீர்கள், அப்படிப்பட்ட டயலைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பிறகு வந்தது டிரிடியம். ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் டி எழுத்து இருக்கும். அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம்தான். எதுவாக இருந்தாலும் முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே மாதிரி பழுத்திருக்க வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

“ஓடுது, அப்படியே கட்டிக்கலாம்” என்பதை ஏற்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடுகிற ஒவ்வொரு நாளும் அச்சு தேயும். முழுதும் பிரித்துக் கழுவச் சொல்லுங்கள். நம் பக்கம் பெட்ரோலில் கழுவுவது வழக்கம். அது கொழுப்பை எடுக்கும், ஆனால் பின்னால் படலம் தங்கும். கடைசி அலசலுக்குச் சுத்தமான பென்சைன் (பென்சீன் அல்ல) நல்லது. பேலட் ஃபோர்க்கையும் (பேலன்ஸுக்கு உந்து கொடுக்கும் கவை) பேலன்ஸையும் மட்டும் ஸ்பிரிட்டில் ஊறவைக்க விடக்கூடாது. அவற்றின் சிவப்புக் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், கல் கழன்றுவிடும்.

எண்ணெய்க்கு மோபியஸ் 9010 போன்ற கடிகார எண்ணெயே வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் பரவி ஓடிவிடும், தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். கல்லின் குழியில் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ். பேலட் ஃபோர்க்கின் அச்சுகளுக்கு எண்ணெயே கிடையாது. டயலைத் தொடக்கூடாது என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நல்ல எண்ணத்தோடேயே “புதுசாக்கி” வைத்துவிடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், திரும்ப வந்த பிறகு அழுது பயனில்லை. சர்வீஸ் முடிந்த பழைய கடிகாரம் நாளொன்றுக்கு 30 விநாடிக்குள் முன்பின் ஓடினால் திருப்திப்படுங்கள்.

வீட்டில் வைப்பது

வாட்டர் ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து பொடிந்திருக்கும். குற்றாலம் போகும்போதும் தாமிரபரணியில் இறங்கும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள். உவரி, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று குரோம் பூச்சை ஒரே வருடத்தில் தின்னத் தொடங்கும். கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே பெட்டியில் வைக்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை அடைமழைக் காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுங்கள். தோல் பட்டையைக் கழற்றித் தனியே வையுங்கள், பூஞ்சணம் முதலில் பிடிப்பது அதைத்தான். சாவி கொடுக்கும் கடிகாரங்களை மாதம் இரண்டு முறை ஓடவிட்டால் எண்ணெய் உறங்காது. பட்டையை மாட்டும் ஸ்பிரிங் பின்களை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பத்துப் பதினைந்து ரூபாய்ச் சாமான் துருப்பிடித்து உடைந்துதான் எத்தனையோ கடிகாரங்கள் சிமெண்டுத் தரையில் விழுந்து பேலன்ஸ் ஸ்டாஃபை இழக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய தேதி, ஊர், கொடுத்த விலை, மெஷின் எண், கேஸ் எண், காதுகளுக்கு இடையே உள்ள அகலம், சர்வீஸ் செய்த நாள், மாற்றிய பாகம். குடும்பத்திலிருந்து வாங்கியதென்றால் யார் கட்டியது, எந்த ஊரில் வாங்கியது என்பதை அன்றைக்கே கேட்டு எழுதுங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும், உடைந்த கண்ணாடி உட்பட, சின்னக் கவரில் போட்டு அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வைக்கலாம்.